எந்த விடு?

மார்ச் 3, திங்கள்

பாசாரில் சாமான் வாங்கித் திரும்பிய என் வீட்டுக்காரர் கோழியை என் கையில் கொடுத்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். கோழியைத்தான் சொல்கிறாரோ என்று அழுத்திப் பார்த்தேன். கார் பிரேக்கைச் சொன்னாராம். மிதித்தால் கால் பாதி தூரம் சும்மா போகிறதாம், அப்புறம்தான் பிடிக்கிறதாம்.

"தம்புசாமி பட்டறைக்குக் கொண்டு போங்க" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. போன வருடம் இவர் பாட்டரி வயரை மாற்றி மாட்டிப் புகை கிளப்பி, காரைத் தம்புசாமி பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். தம்புசாமி போர்மேன் சிரித்தார். தான் சிரித்தது போதாது என்று பக்கத்துக் காப்பிக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்குச் சபதம் எடுத்தவர்தான் இவர், இனி இந்தக் காரை இன்னொருவன் கை தொடாது என்று.

"நானே பாத்துக்கிறேன். போன்ல எல்லாம் இருக்கு லா."

அரசாங்க ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து போன டிசம்பரில் ஓய்வு பெற்ற மனிதர். இதுவரை தன் கையால் ஒழுங்காகக் கழற்றியது பேனா மூடி ஒன்றுதான்.

மகள் ஜோனிட்டாவுக்குச் சுங்கை ஊடாங்கில் லேப் வேலை கிடைத்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்த மறுநாள், ஏப்ரல் 21, முதல் நாள். ஷிப்டு வேலை, அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. இந்த சாகா காரைத்தான் அவளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. சாலை முழுக்க எண்ணெய் டாங்கர் லோரிகள். கார் பஞ்சு மாதிரி இருக்கிறதாம்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். பாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "இறைச்சியை விடுவது சுலபம், மீன் கடை திறந்திருக்கிறது. எதை விட்டால் வலிக்குமோ அதை விடுங்கள்."

எனக்கு எதை விட்டால் வலிக்கும்? போன வருடம் காப்பியை விட்டேன், தேநீர் குடித்தேன். அதற்கு முந்தைய வருடம் நாடகம் பார்ப்பதை விட்டேன். ஜோனி தினமும் கதையைச் சொல்லிவிட்டாள்.

கோவிலிலிருந்து திரும்பும் வழியிலேயே பதில் கிடைத்துவிட்டது. அவர் "வெயில் தாங்கல" என்றார். "கொறைக்கச் சொல்லி ஒரு மெமோ எழுதுங்க" என்றேன். ஜோனி பின்சீட்டில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதுதான். என் நாக்கு.

ஆகவே உயிர்ப்பு ஞாயிறு வரை அவருக்கு எதிர்வார்த்தை இல்லை. மறுபேச்சு இல்லை, எதிர்க்கேள்வி இல்லை, குத்தல் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வேன். இது எனக்கும் மாதாவுக்கும் நடுவில். வீட்டில் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதுவே பெருமையாகிவிடும்.

இந்த நோட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. நோட்டு என் கணவர் இல்லை.

மார்ச் 8, சனி

இன்று என் தவத்துக்கு முதல் சோதனை. கார் போர்ச்சில் நடந்தது.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதாம். எண்ணெய் மட்டுமே இருக்க வேண்டிய இடம். காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துப் பக்கம் படுத்து, பின்னால் இருக்கும் ஒரு சின்ன மூக்கைத் திருகித் திறக்க வேண்டும். காற்றும் எண்ணெயும் சிறு குழாய் வழியே போத்தலில் விழும். உடனே மூக்கை மூட வேண்டும். அந்த மூக்குக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்குத் தெரியும். தவக்காலத்தில் எழுத மாட்டேன்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு உட்காரும்போது முட்டி இடித்தது. "சீட்ட பின்னால தள்ளாத, அது என் கணக்கு" என்றார். தள்ளவில்லை.

"நான் சொல்றத மட்டும் செய். மிதின்னா மிதி. பிடின்னா பிடி. குறுக்க எதுவும் கேக்காத, எனக்குக் கவனம் செதறும்."

பார்த்தாயா மாதாவே, அவரும் அதையேதான் கேட்கிறார்.

"மிதி!" மூன்று தடவை மிதித்தேன். "பிடி!" அழுத்திப் பிடித்தேன். கீழே ஸ்பானர் கிரீச்சென்றது. "காலை விடு!" விட்டேன், பெடல் மேலே வந்தது. கொஞ்சம் பொறுத்து "எடு!" என்றார். ஸ்பானரையோ துணியையோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் போல. நான் சும்மா இருந்தேன். மறுபடி "மிதி!"

"காத்து வருது! காத்து வருது!" என்று கீழிருந்து ஒரே சந்தோஷம். ஏதோ தண்ணீர்க் கிணறு தோண்டியதைப் போல.

நான்கு சக்கரமும் முடிந்தபோது என் வலது கால் என்னுடையதாக இல்லை. அவர் ஏறி மிதித்துப் பார்த்தார்.

பஞ்சு.

மார்ச் 9, ஞாயிறு

"நேத்து ஊத்துனது மட்டமான எண்ணெய். வேற பிராண்டு வாங்கணும்" என்றார். நாக்கைக் கடித்ததில் ரத்தம் வந்தது. மெய்யாகவே வந்தது.

மார்ச் 15, சனி

என் தம்பி பிரான்க்ளின் வந்தான். புக்கிட் பெருவாங்கில் கைத்தொலைபேசி உறை விற்கிறான். ஆனால் உலகத்தில் எது பழுதானாலும் அவனுக்குத் தெரியும். அவன் பார்த்து எது சரியானது என்றுதான் தெரியாது.

போர்ச்சுக்குள் வந்ததும் நெற்றியைச் சுருக்கி, "மச்சான், இது மாஸ்டர் பம்ப்" என்றான். பெடலை ஒரு தடவை தொட்டுவிட்டு, "இல்ல, பூஸ்டர்" என்றான். நான் காப்பி கொடுத்த பிறகு, "ரெண்டுமா இருக்கலாம்."

புது எண்ணெய். மறுபடி படுக்கை, மறுபடி மிதி. பின் சக்கரத்து மூக்கு அசையவில்லை. அவர் பெரிய ஸ்பானரைப் போட்டு முறுக்கினார். மூக்கின் மூலைகள் மழுங்கிக் கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகிவிட்டன. பிரான்க்ளின் அதன் பெயரை முழுச் சத்தத்தில் மூன்று தடவை சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாள் மக்சிக் ரொகாயா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு நோன்பு மாதம். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஸ்பானர் தப்பா, மூக்கு தப்பா?" என்று அவரைக் கேட்க முடியாது. ஆகவே தம்பியைக் கேட்டேன்.

"ஏன்டா, கடிவாளம் போட வந்தவன் குதிரையோட மூக்கையே அறுத்துட்டியா?"

"அக்கா, நான் தொடவே இல்ல! மச்சான்தான்..."

"நீ பக்கத்துல நின்ன பாரு, அது போதும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பாவம், அவருக்குச் சேர வேண்டியதெல்லாம் இவனுக்குப் போகிறது. இரத்த உறவுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கடைசியில் துருவுக்கு மருந்தடித்து, ஊறவிட்டு, இடுக்கியால் பிடித்து ஒரு வழியாகத் திறந்தார்கள். "காலை விடு!" விட்டேன். குமிழி, குமிழி, குமிழி.

பஞ்சு.

மார்ச் 17, திங்கள்

மாதக் கணக்கு எழுதினேன். பிரேக் எண்ணெயை எந்தத் தலைப்பில் போடுவது? வாகனமா, வைத்தியமா? யோசித்துக் 'காணிக்கை' என்று எழுதினேன். ஏற்றுக்கொள்ளும் வரை கொடுத்துக்கொண்டே இருப்பது காணிக்கைதானே.

மார்ச் 22, சனி

இன்று மூன்றாவது பூசை. மேலே பானெட்டுக்குள் எண்ணெய் ஊற்றும் சின்ன டப்பா ஒன்று உண்டு; வேலை நடக்க நடக்க அது குறையும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. கண் போனில், கை ஸ்பானரில். டப்பா காய்ந்து, மேலிருந்தும் காற்று உள்ளே போய்விட்டது. இப்போது பஞ்சு கூட இல்லை, வெறும் மேகம்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து டப்பா தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அது எதிர்வார்த்தையா, செய்தியா? யோசித்துக்கொண்டே இருந்தேன். நல்ல வேளை, தெரியவில்லை.

பதற்றத்தில் எண்ணெயைக் கதவின் மேல் கொட்டிவிட்டார். துணியால் துடைத்தார். அது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டிய சாமான், பெயின்டைத் தின்றுவிடும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. சாயங்காலம் கதவில் தேமல் வந்துவிட்டது.

மக்சிக் ரொகாயா வேலிக்கு மேல் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி கொடுத்தார். "ரோசா, உன் சத்தமே கேக்கலையே. நீயும் நோன்பா, புவாசாவா?" என்று மலாயில் கேட்டார். "ஆமாம் மக்சிக், வாய்க்கு மட்டும்" என்றேன். அந்த அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் புரியவில்லை.

மார்ச் 26, புதன்

அவர் தூங்கும் நேரம் பார்த்து, கார் டேஷ்போர்டில் இருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மலாயில் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பேப்பர் படித்தே மூன்று மொழி எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பாதி புரிந்தது, மீதிக்கு ஜோனியின் அகராதி.

பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல இறங்கிப் போகுமானால் பம்ப் கெட்டுவிட்டது. படபடவென்று பல தடவை மிதித்தால் கெட்டியாகி அப்படியே நிற்குமானால் பம்ப் நல்லது, குழாயில் காற்று.

போய் உட்கார்ந்து மிதித்தேன். கெட்டியானது. நின்றது.

காற்று. பம்பும் இல்லை, பூஸ்டரும் இல்லை. வெறும் காற்று. அப்படியானால் மூன்று சனிக்கிழமை வெளியே எடுத்த காற்றெல்லாம் எங்கிருந்து திரும்பத் திரும்ப வருகிறது? வீட்டில் யார் ஊதுகிறார்கள்?

அவரிடம் சொல்வது எதிர்வார்த்தை. அதனால் அந்தப் பக்கத்தில் அந்தோணியார் படத்தை அடையாளம் வைத்து, அவர் நாற்காலியில் புத்தகத்தை விரித்து வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார்தானே.

மார்ச் 27, வியாழன்

புத்தகத்தின் மேல் காப்பிக் குவளையை வைத்திருந்தார். அந்தோணியார் நெற்றியில் வட்டக் கறை.

மார்ச் 31, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். மக்சிக் வீட்டில் ரெண்டாங் இறைச்சி, மூங்கிலில் வெந்த லெமாங் சோறு. மூன்று வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் மக்சிக்கின் மகனிடம் பிரேக் எண்ணெயின் வகைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவன் லெமாங்கை மெல்லவும் மறந்துவிட்டான்.

பிறகு பிரான்க்ளினிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "ஒங்கக்கா இப்பல்லாம் மாறிட்டா. ஒரு மறுபேச்சு கெடயாது. ரிடயர் ஆனதும் ஒரு மரியாத வருது பாத்தியா."

கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. பிறகு சமையலறையில் கொஞ்சம் கோபமும் வந்தது.

ஏப்ரல் 5, சனி

நான்காவது தடவை. காலை விடு, காலை விடு, காலை விடு. விட்டேன், விட்டேன், விட்டேன்.

பஞ்சு.

"மிதிக்கிற ஆளு சரியில்ல" என்றார் பிரான்க்ளினிடம். என் காது கேட்க.

எனக்குப் பேச்சு இல்லை. பிரான்க்ளினுக்கு இன்று சாப்பாடும் இல்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

சோறு வைக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

கோவில் வளாகம் சரிவானது. கீழே பந்தலில் மாதர் சங்கத்தார் குருத்தோலைச் சிலுவையும் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கும் வைத்திருந்தார்கள். ஜோனி முன்னாலேயே இறங்கி, ஓலை வாங்க அங்கே நின்றாள். அவர் காரை மேலே நிறுத்தத் திருப்பினார். மிதித்தார். கால் உள்ளே போனது, கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். கார் மெல்ல, ஊர்வலம் போகிற வேகத்தில், பந்தலை நோக்கி இறங்கியது. ஜோனியின் முதுகு எங்களைப் பார்த்து இருந்தது. எனக்குக் கத்த வரவில்லை. ஆமாம், இந்த வாய்க்கு. ஹாரனை நான்தான் அவர் கைக்கு மேல் கை வைத்து அடித்தேன். அவர் கைப்பிரேக்கை இழுத்தார். மேசைக் கால் தட்டி சம்பல் சட்டி கவிழ்ந்தது. அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஜோனி வெள்ளைச் சட்டையில் சம்பலோடு திரும்பிப் பார்த்து, "என்னப்பா இது!" என்று சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

பந்தலிலிருந்து யாரோ: "அல்போன்ஸ் அண்ணே, இன்னக்கி ஒரு நாளாவது ஆண்டவர் மாதிரி கழுதைல வந்திருக்கலாம்ல? அதுக்குப் பிரேக் எண்ணெ வேணாமே!"

ஊரே சிரித்தது. சொன்னவர் நன்றாக இருக்கட்டும். நான் சொல்ல முடியாததை ஒருவர் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை என் கைக்குக் கீழே சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சாப்பாட்டு மேசையில் ஜோனியிடம் அவர்: "ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு தடவ மிதிச்சா பிடிக்கும். பழகிக்கிட்டா போதும்."

ஜோனி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

முன்னால் போகிற டாங்கர் லோரி இவள் இரண்டாவது தடவை மிதிக்கும் வரை பொறுத்திருக்குமா? கேளு, ரோசலின், கேளு. வாய் இருக்கில்ல? மாதாவே, நான் விட்டது நாக்கையா மூளையையா?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஸ்பானர் தொடவில்லை. அந்த மட்டுக்கும் பக்தி இருக்கிறது.

சிலுவைப் பாதை முழுக்க ஒரே கணக்கு. நாளை ஒரு நாள் பேசாமல் இருந்தால் வார்த்தைப்பாடு முழுமை. ஞாயிறு வாய் திறந்தால் திங்கள் ஜோனி கிளம்புகிறாள். ஞாயிறன்று நான் பேசுவேன், அவர் போனைக் காட்டுவார், நான் கத்துவேன், அவர் "விடு" என்பார். இருபத்தெட்டு வருடமாக எங்கள் சண்டையெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் முடிகிறது. அவர் சொல்வார், நான் விடுவேன். அவள் இரண்டு தடவை மிதித்துக்கொண்டே போவாள்.

ஞாயிறு பேசினால் போதுமா?

ஏப்ரல் 19, பெரிய சனி

வார்த்தைப்பாட்டை முறித்தேன். பாஸ்கா பூசைக்கு இன்னும் பொழுது இருக்க, போர்ச்சில் வைத்து முறித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்தாவது தடவை. பிரான்க்ளின் வரவில்லை, சாப்பாடு கிடைக்காத வீட்டுக்கு எதற்கு வருவான்? அதனால் ஜோனி டார்ச் பிடிக்கக் குந்தினாள். வழக்கம் போல தூரத்துச் சக்கரம் முதலில். மிதி, பிடி, கிரீச்.

"காலை விடு!"

விட்டேன்.

"அப்பா," என்றாள் ஜோனி, "வெளிய வந்த எண்ணெ திரும்பி உள்ள போகுது. பாருங்க, குழாய்ல. பின்னாலயே காத்தும் உள்ள போகுது."

"அதெல்லாம் அப்படித்தான். விடு, விடு."

உள்ளே எனக்குக் கேட்டது கடைசி இரண்டு சொல் மட்டும்தான். விடு, விடு. ஆனால் என் கால் ஏற்கனவே மேலேதான் இருக்கிறது! விட்டதை இன்னும் எப்படி விடுவது? மாதாவே, என் வாய் தானாகத் திறந்தது.

"எந்த விடு?"

கீழே ஸ்பானர் நின்றது. பிறகு அவர் குரல்: "என்ன எந்த விடு?"

"காலை விடுன்னீங்க, எடுத்துட்டேன். இப்ப மறுபடி விடு விடுன்னா, எதத்தான் விடறது?"

"எடுத்துட்டியா? எப்ப எடுத்த?"

"நீங்க விடுன்னப்பவே!"

"நான் விடுன்னது உள்ள விடச் சொல்லி! காலை உள்ள விடு! கடைசி வரைக்கும் அமுக்கு! நான் மூடினப்புறம் எடுன்னு சொல்றேன்ல, அப்பதான் எடுக்கணும்!"

"எடுன்னது ஒங்க ஸ்பானருக்கு இல்லையா?"

"ஸ்பானர்கிட்ட யாராவது பேசுவாங்களா?"

"நீங்க பேசுவீங்க! போன்கிட்டயே பேசறீங்க!"

ஜோனி டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவள்தான் விளக்கினாள், போர்மேன் மாதிரி நிறுத்தி நிதானமாக: மூக்கு திறந்திருக்கும்போது கால் மேலே வந்தால் பெடல் எல்லாவற்றையும் உள்ளே உறிஞ்சும். "அப்பா காத்த வெளிய எடுக்கிறாரு. நீங்க அதுக்குள்ள திருப்பி உள்ள இழுத்துடறீங்க. ஆறு வாரமா ரெண்டு பேரும் ஒரே காத்த வச்சு விளையாடியிருக்கீங்க லா."

வீட்டில் யார் ஊதுகிறார்கள் என்று கேட்டிருந்தேனே. நான்தான்.

அவர் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். காதோரம் கறுப்பு எண்ணெய். "ஏன் மொத நாளே கேக்கல? நீதான் எல்லாத்துக்கும் கேப்பியே!"

"குறுக்க கேக்காதன்னு சொன்னது யாரு?"

"நான் தினந்தான் சொல்றேன். நீ என்னைக்குக் கேட்ட?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். திருநீற்றுப் புதன், சாம்பல், மாதா, நாக்கு, எல்லாம். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. பந்தலில் ஜோனியின் முதுகு தெரிந்தது கண்ணுக்குள் வந்தது. "முந்தாநாளே கேட்டிருக்கணும், போன மாசமே கேட்டிருக்கணும், புள்ள சம்பலோட நின்னாளே, நான் வாயத் தொறக்கல, வாய மூடறதுதான் புண்ணியம்னு ஒக்காந்திருந்தேனே..."

அவர் கதவுத் தேமலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே, "அப்ப நீ மாறல" என்றார்.

"இல்லீங்க."

"விரதமா?"

"ஆமாங்க."

"மரியாத இல்ல."

"இல்லீங்க."

மூச்சை இழுத்து விட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். "சரி. சீட்டப் பின்னால தள்ளிக்கோ, முட்டி இடிக்குது ஒனக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்துப் பக்கம் படுத்தார்.

இந்த முறை வாயால் பதில் சொன்னேன். சொல்லச் சொல்லி அவர்தான் கேட்டார்.

"பிடி!"

"பிடிச்சாச்சு!"

"தொறக்கறேன். அமுக்கு!"

"அமுக்கறேன், போகுது, போகுது, அடியில தட்டிருச்சு!"

"மூடியாச்சு. எடு!"

"எடுத்தாச்சு!"

செபமாலை மாதிரி. அவர் முன்பாதி, நான் பின்பாதி. முன்பாதியை மட்டும் ஆறு வாரமாகத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மாதா கேட்பாள்? ஜோனி மேலே டப்பாவைப் பார்த்து ஊற்றினாள். நான்காவது சக்கரத்தில் குழாயில் குமிழியே இல்லை, தேன் மாதிரி எண்ணெய். என் காலுக்குக் கீழே பெடல் பாதி வழியில் நின்றது. கல் மாதிரி நின்றது.

"கெட்டி" என்றேன்.

"கெட்டியா?" என்றார். நம்பாமல் தானே ஏறி மிதித்தார். மறுபடி மிதித்தார். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், நான் தள்ளிய சீட்டில்.

ராத்திரி பாஸ்கா பூசைக்கு அந்தக் காரில்தான் போனோம். அதே சரிவு. ஒரே மிதி. நின்றது. மணியடிக்கும்போது மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முறித்ததற்கு இல்லை. இவ்வளவு தாமதமாக முறித்ததற்கு.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

மதியம் ஆட்டிறைச்சிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அவரைக் காணோம். காரையும் காணோம். திரும்பி வந்து, யாரும் கேட்காமலேயே, "தம்புசாமிகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்தேன். புள்ள ஓட்டப் போறா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோனி கேட்டுவிட்டாள்: "சிரிச்சாராப்பா?"

"அந்த மூக்கப் பாத்துச் சிரிச்சான். புதுசு ஒண்ணு மாத்திட்டான். மிதிச்சுப் பாத்தப்ப சிரிக்கல. யார் செஞ்சதுன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நானும் எங்க வீட்லயும்னு சொன்னேன்."

வீட்லயும். பெயர் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஐம்பதாவது வருடத்துக்குள் ரோசலின் என்று சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 21, திங்கள்

விடியுமுன் ஜோனி கிளம்பினாள். கேட்டுக்கு வெளியே போனதும், எங்கள் இருவருக்கும் காட்டுவதற்காகவே, சந்து முனையில் ஒரு தடவை நிறுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு போனாள். அந்த விளக்கு இருந்த இடத்தையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. என்னுடையதும்.

பிறகு போனில் ஒரு வரி வந்தது: "வந்துட்டேன். ஒரு தடவைதான் மிதிச்சேன்."

ஏப்ரல் 26, சனி

மீன் குழம்பில் புளி அதிகம் என்றார். புளி அதிகமில்லை, உங்களுக்கு நாற்பது நாள் ருசி மறந்துவிட்டது என்றேன். அவர் ஏதோ சொன்னார், நான் ஏதோ சொன்னேன், மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, விடு" என்றார்.

"எந்த விடு?"

யோசித்தார். சோற்றுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"குழம்பு விடு" என்றார்.